அந்தோனியாருக்குப் போட்ட பாலம்

எங்கள் அந்தோனியார் கோயில் நீதி சமாதானக் குழுவுக்கு நான் செயலாளரானது நீதியின்மேல் இருந்த ஆசையாலும் இல்லை, சமாதானத்தின்மேல் இருந்த பற்றாலும் இல்லை. எனக்குச் சிங்களத்தில் கடிதம் எழுத வரும். அவ்வளவுதான் தகுதி. சமாதானத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் நான் எழுந்து நின்றாலே முன்வரிசையில் இருப்பவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வார்கள்.

தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் நான் டீச்சர். டயகமைப் பக்கம், மலையின் இடுப்பில் எங்கள் மேல் டிவிசன். லயங்களும் கோயிலும் முன்பள்ளியும் ஆற்றுக்கு இந்தப் பக்கம். ஆபீஸ், ஃபாக்டரி, தோட்ட மேனேஜரான துரையின் பங்களா, பஸ் வரும் ரோடு எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் ஒரு பாலம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் மேலே மண் சரிந்து, மரமும் கல்லுமாக இறங்கி வந்து, பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. பாலம் போன எட்டாம் நாள் கம்பனி ஆற்றின் குறுக்கே ஒரு கம்பி இழுத்துக் கட்டியது. அன்று முதல் கொழுந்து மூட்டைகள் கம்பியில் தொங்கிக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அக்கரைக்குப் போயின. அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லுக்குக் கல் தாண்டி, முழங்கால் நனைந்து போனார்கள்.

என் தங்கைக்கு முதல் பிள்ளைக்கு வலி கண்டது அந்த மழை முடிவதற்குள். அம்புலன்ஸ் அக்கரையில் வந்து நின்றுவிட்டது. கம்பளி ஒன்றைக் கம்பில் கட்டி, அதில் அவளைப் படுக்க வைத்து நாலு பேர் தூக்கினார்கள். நடு ஆற்றில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பிள்ளை ஆஸ்பத்திரியில் உயிரில்லாமல்தான் பிறந்தது. பெண் பிள்ளை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

பாலம் போய் ஒன்றரை வருடம் ஆனபோது தங்கைக்கு மறுபடி எட்டு மாதம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கட்டட வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். அவள் என்னோடுதான் இருந்தாள். பேசவே மாட்டாள். சாயங்காலம் வாசலில் நின்று ஆற்றைப் பார்ப்பாள், உள்ளே வருவாள், மறுபடி போய்ப் பார்ப்பாள். இந்தப் பிள்ளை வருவதற்கு முன் பாலம் வர வேண்டும். எனக்கு நீதி என்றால் அதுதான், சமாதானம் என்றாலும் அதுதான்.

கடிதம் எழுதினேன். தோட்டத்து ஆபீசில், பாலத்தின்மேல் போகும் ரோடு பிரதேச சபைக்குச் சொந்தம், அங்கே கேளுங்கள் என்றார்கள். சபையில், ரோடு எங்களுடையதுதான், ஆனால் இரண்டு கரையும் கம்பனியுடையது, காற்றில் நாங்கள் எப்படிப் பாலம் போடுவது என்று கேட்டார்கள். மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருந்தார். தங்கமான மனிதர். என் கடிதத்தைக் கடைசி எழுத்துவரை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, நல்லா எழுதியிருக்கிறியள். இதை ஒருக்கா எழுத்தில தாங்கோ, பாப்பம்."

"எழுத்துதாங்க சேர் உங்க கையில இருக்கு."

"ஓம், ஓம், இது கிடைச்சது. நான் சொல்லுறது, இதை எழுத்தில தாங்கோ."

திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் எனக்கு நானே திட்டிக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அந்த வாரம் நீதி சமாதானக் குழு கூடியது. தலைவர் ஓய்வு பெற்ற கங்காணி. மலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரையும் இங்கிருந்தே வேலை வாங்கிய குரல் அவருடையது; இப்போது அதைக் கோயிலுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். பாதர் வந்திருந்தார். ஹட்டன் டவுன்காரர், இளம் வயது, நல்ல மனசு, ஆயர் இல்லத்திலிருந்து போன் வந்தால் மட்டும் வேர்த்துவிடும். கூட்டத்தில் ஒருவர், கொழுந்து போகும் கம்பியிலேயே பிள்ளைத்தாய்ச்சியைக் கூடையில் வைத்து அனுப்பலாமே என்றார். இன்னொருவர், கம்பி எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டார். இதைக் குறிப்பில் எழுதச் சொன்னார் தலைவர். நான் எழுந்து நின்றேன். நாற்காலிகள் பின்னால் போயின.

"ஊர்வலமா போவோம்" என்றேன். "துரை பங்களா வாசல்ல போய் நிப்போம்."

அனுமதி கேட்டுப் பொலிசுக்குப் போனோம். முன்பு நடந்த ஒரு வேலைநிறுத்தத்தில் ஆபீஸ் பக்கம் கூட்டம் கூடக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருப்பதாகப் பொறுப்பதிகாரி சொன்னார். பெருநாள் ஊர்வலம் என்றால் தடை இல்லையாம். இரண்டுக்கும் எப்படி வித்தியாசம் பார்ப்பீர்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். சாமியைத் தூக்கிக்கொண்டு வந்தால் சமயம், கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அரசியல் என்று விளக்கினார். வாசலுக்கு வந்ததும் தலைவர் என்னைப் பார்த்தார், நான் பாதரைப் பார்த்தேன். பாதர் அப்போதே வேர்க்கத் தொடங்கிவிட்டார்.

"பெருநாள் ஜூன்லதானங்க? இது அக்டோபர். இப்ப எப்படி அந்தோனியார வெளிய எடுக்குறது?"

"வருஷத்துக்கு ஒருக்காதான் வெளிய பாக்குறாரு, பாவம்" என்றார் தலைவர். "இன்னொருக்கா வந்தா கோவிச்சுக்கவா போறாரு?"

எங்கள் டிவிசனில் வேதக்காரக் குடும்பம் பதினொன்றுதான். அந்தோனியாரைச் சப்பரத்தில் வைத்துத் தூக்க எட்டுத் தோள் வேண்டும். மாரியம்மன் கோயில் கமிட்டி ஐந்து தோளும் தப்பு மேளமும் தந்தது. அவர்கள் தீ மிதிக்கும்போது எங்கள் மூன்று பேர் தண்ணீர் ஊற்றுவார்கள், அந்தக் கணக்கு. கோஷங்களை மன்றாட்டாக மாற்றும் வேலை எனக்கு. பாதர் அதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் ஒரு வரியையும் அடித்துவிடவில்லை. மூன்று நாள் சாயங்காலம் ஒத்திகை நடந்தது. தலைவர் முன்னால் நின்று, "பதில் போடாத ஆபீசிலிருந்து" என்று மலை அதிரச் சொல்வார். சனம், "எங்களை மீட்டருளும்" என்று இழுக்கும். "எழுத்தில் கேட்கும் அதிகாரிகளிடமிருந்து." "எங்களை மீட்டருளும்." தங்கையும் வாசலில் நின்றபடி வாய்க்குள் சொல்வதைப் பார்த்தேன்.

தவறு நான் செய்ததுதான். பொலிசுக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியை முறைப்படி தோட்டத்து ஆபீசுக்கும் அனுப்பினேன். அதில், அந்தோனியார் சொரூபம் ஆற்றைக் கடந்து பங்களா வாசலுக்கு எழுந்தருளும் என்று அழகாக எழுதியிருந்தேன். எதற்காக எழுந்தருளுகிறது என்று எழுதவில்லை. அதை எழுதியிருந்தால் அரசியல் ஆகியிருக்குமே.

வெள்ளிக்கிழமை காலை முன்பள்ளியில் பிள்ளைகளுக்குத் திரிபோஷா சத்துமா பிசைந்துகொண்டிருந்தேன். ஆற்றங்கரையில் டமார் டமார் என்று சத்தம். போய்ப் பார்த்தால் தோட்டத்து ஆசாரிகள், ஃபாக்டரி மெக்கானிக், இருபது ஆள். பழைய ஃபாக்டரியைப் பிரித்த இரும்புத் தூண்களை ஆற்றின் குறுக்கே போட்டு, மேலே கனத்த யூக்கலிப்டஸ் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். துரை கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நடுவில் நின்றார். சிங்களவர், பௌத்தர், நாற்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் கையைக் கூப்பினார். ஒன்றரை வருடத்தில் அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்ததுகூட இல்லை.

"டீச்சர், அந்தோனியார் தண்ணியில எறங்கக் கூடாது. எங்க அம்மா அவருக்கு நேந்துதான் என்னைப் பெத்தது. நான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி பத்தவைக்கிறது. லைட்டுக்கு ஜெனரேட்டர் லொறியும் தாரேன். லொறி போறதுக்குத்தான் இவ்வளவு பெலமா போடுறது."

"சரிங்க சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அது எனக்கு அடிக்கடி நடக்கும் விஷயம் அல்ல. சனிக்கிழமை மாலைக்குள் பாலம் முடிந்தது. கைப்பிடிக்குப் பனை ஓலை கிடைக்காமல் தென்னங்குருத்துத் தோரணம் கட்டினார்கள்.

ஞாயிறு பின்னேரம் பாலம் இல்லை என்று முறையிடக் கிளம்பிய நாங்கள் பாலத்தின்மேல் நடந்து போனோம். வேண்டாம், மன்றாட்டை மாற்றிவிடலாம் என்று பாதர் தலைவரின் காதில் சொன்னார். மூன்று நாள் பயின்றதை விடத் தலைவருக்கு மனமில்லை. புதுப்பலகை கிறீச்சென்று சத்தம் போட, அதன் நடுவில் நின்றுகொண்டே, "உடைந்த பாலத்தின் துயரத்திலிருந்து" என்று தொடங்கினார். சனமும் கீழே பலகையைப் பார்த்துக்கொண்டே "எங்களை மீட்டருளும்" என்றது. பொலிஸ்காரர் ஒருவர் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தபடி கூடவே வந்தார்.

பங்களா வாசலில் துரை வெள்ளை உடுத்தி வெறுங்காலோடு நின்றார். கையில் பூத்தட்டு. அவர் மனைவி ஊதுபத்தி பிடித்திருந்தார். மேசை போட்டு, பிஸ்கட்டும் தேத்தண்ணீரும் வைத்திருந்தார்கள். நாங்கள் பறிக்கும் கொழுந்தின் நல்ல தேயிலையை அன்றுதான் முதல்தடவை குடித்தேன். மணம் நன்றாகத்தான் இருந்தது. "பதில் போடாத ஆபீசிலிருந்து" என்று தலைவர் சொன்னதும் எல்லோருக்கும் முன்னால் துரைதான் பக்தியோடு, "எங்களை மீட்டருளும்" என்றார். தமிழ் உச்சரிப்பு கொஞ்சம் வளைந்திருந்தது. மனப்பாடம் செய்திருக்கிறார் மனிதர்.

மனுவை அவர் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் குழம்பிப்போனார்.

"பாலம் கேக்குறதா? பாலம்தான் போட்டாச்சே, டீச்சர்."

"நன்றிங்க சேர். அது அப்படியே இருந்தாப் போதும்."

"அது எப்படி? சாமி வீட்டுக்குப் போன பொறகு கழட்டணும். இரும்பு ஃபாக்டரி கணக்கில உள்ளது. பெருநாள் செலவுக்கு நான் கையெழுத்து வைக்கலாம். சாமிக்குன்னா கேள்வி இல்ல. ஆளுங்களுக்குப் பாலம்னா கொழும்பில கேக்கணும், எஞ்ஜினியர் வரணும், சபை கடுதாசி தரணும். ஆள் விழுந்தா யார் பொறுப்பு?"

"சாமி விழுந்தா?"

"அதுதான் பெலமா போட்டது" என்றார், மனதார.

எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. பிள்ளை வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. திரும்பி, சப்பரத்தின் முன்கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப சாமி வீட்டுக்குப் போகல" என்றேன். "இங்கதான் இருப்பாரு."

பங்களாவுக்குக் கீழே பெரட்டுக்களம் இருக்கிறது. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம், தகரக் கூரை போட்டது. அங்கே கொண்டுபோய் ஒரு மேசைமேல் அந்தோனியாரை வைத்தோம். வெறும் சப்பரம் மட்டும் கோயிலுக்குத் திரும்பியது. சப்பரம் வேறு, சாமி வேறு, அதனால் இது திரும்பியதாகாது என்று நான் சொன்னேன். பாதரும் வேதசாத்திரப்படி யோசித்துவிட்டுச் சரிதான் என்றார்.

அடுத்த நாள் முதல் அந்தோனியார் பெரட்டில் நின்றார். கங்காணிமார் ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன் அவரைக் கும்பிட்டார்கள். இவர் முன்னால் எப்படித் திட்டுவது என்று கணக்கப்பிள்ளை கஷ்டப்பட்டார். ஒரு வாரம் தோட்டத்தில் கெட்ட வார்த்தை கேட்கவில்லை. துரை தினமும் வெறுங்காலோடு வந்து, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்பார்.

"டீச்சர், சாமி எப்ப போறது?"

"இன்னும் மனசு வரலங்க சேர்."

பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார். சாமியைக் கையால் தூக்கி வெளியேற்றும் துணிச்சல் அவருக்கு இல்லை, எங்களுக்கும் அது தெரியும். ஒரு தொழிற்சங்கத் தலைவர் ஜீப்பில் வந்து, தன் முயற்சியால் வந்த பாலம் என்று ரிப்பன் வெட்டினார். மறுநாள் எதிர்ச் சங்கத்துக்காரர் வந்து, அதே பாலத்தை மறுமுனையிலிருந்து திறந்து வைத்தார். இரண்டு படமும் ஃபேஸ்புக்கில் வந்தன. ஆயர் இல்லத்திலிருந்து பாதருக்குப் போன் வந்தது. மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், கை வேர்த்து வழுக்கியதால்.

"சொரூபம் எங்கே இருக்கிறது, பாதர்?"

"பெரட்டுக்களத்துலங்க மொன்சிஞ்ஞோர்."

"அங்கே என்ன செய்கிறார்?"

பாதர் என்னைப் பார்த்தார். "இருக்காருங்க" என்றார்.

ரிப்பன் வெட்டிய படம் கொழும்புக் கம்பனி கண்ணில் பட்டதுதான் வினை. யாரைக் கேட்டுப் பொதுப்பாலம் திறந்தீர்கள் என்று துரைக்குப் பாட்டு விழுந்தது. அவர் பாலத்தில் ஒரு மூங்கில் தடை போட்டு, காவலுக்கு ஆளும் போட்டார். காவல்காரர் எங்கள் பக்கத்து லயத்துக்காரர். உத்தரவு இதுதான்: பாலம் அந்தோனியாருக்கு மட்டும், அவரோடு கூட வருகிறவர்கள் போகலாம், மற்றவர்கள் கல்லில் தாண்ட வேண்டும். இரண்டே நாளில் டிவிசன் முழுதும் அந்தோனியார் படம் வாங்கிவிட்டது. மாரியம்மன் கோயில் பூசாரியே சட்டைப்பையில் ஒன்று வைத்திருந்தார். காவல்காரர் படத்தைப் பார்த்துவிட்டு மூங்கிலைத் தூக்குவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொப்பியில் வரைந்துகொண்டு வந்தார்கள். தாடி வரைந்திருந்தால் அது வேறு சாமி என்று திருப்பி அனுப்பினார். பிறகு துரை, படம் செல்லாது, சொரூபம்தான் செல்லும் என்று உத்தரவைத் திருத்தினார்.

தங்கைக்கு வலி கண்டது ஒரு புதன்கிழமை, மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆறு கல்லை மூடிவிட்டது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் கம்பளியில போக மாட்டேன்" என்றாள். அது மட்டும்தான் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அம்புலன்ஸ் வந்தது. ஆனால் அக்கரையில், மூங்கிலுக்கு முன்னால் நின்றது. நான் மழையில் பாலத்தில் ஓடினேன்; ஓடுகிறவளை நிறுத்தக் காவல்காரருக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் வண்டியை விட மாட்டேன் என்றார். துரை அன்று கொழும்பில். போன் போட்டால் சிங்களத்தில் ஒரு பெண் பேசினாள், தொடர்பு எல்லைக்கு வெளியேயாம்.

"அக்கா, காலப் புடிச்சுக் கேக்குறேன், எனக்கும் மூணு பிள்ளைங்க. அந்தோனியார் இல்லாம வண்டி போனா நாளைக்கு எனக்கு வேல இல்ல."

அவர் அழுதுகொண்டுதான் சொன்னார். அவரை அடிக்கக் கை ஓங்கிய எனக்கு அதைக் கண்டதும் கை இறங்கிவிட்டது. பெரட்டுக்களத்துக்கு ஓடினேன். தலைவரும் இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். நாலு பேருமாக அந்தோனியாரைத் தூக்கிக்கொண்டு வந்து அம்புலன்ஸின் பின்கதவைத் திறந்தோம். உள்ளே இருந்த சிங்களப் பிள்ளை, மருத்துவ உதவியாளர், பதறிவிட்டது. யார் நோயாளி என்று கேட்டது. பிரசவம் என்றேன். பிரசவத்துக்கு எதற்கு ஆண் சாமி என்று கேட்டது. தலைவருக்குக் கொஞ்சம் சிங்களம் புரியும்.

"கையில பிள்ள வச்சிருக்காரு பாரும்மா" என்றார். "அனுபவம் உள்ளவரு."

மூங்கிலுக்கு முன்னால் மறுபடி சிக்கல். காவல்காரருக்குச் சந்தேகம். அந்தோனியார் இப்போது எங்கள் பக்கம் போனால் அது வீடு திரும்பியது ஆகிவிடும், உடனே பாலத்தைக் கழற்ற வேண்டும் என்பதும் உத்தரவில் இருக்கிறது. அந்த மழையில், தங்கை லயத்துப் பக்கம் கத்திக்கொண்டிருக்க, நான் நின்று வழக்குப் பேசினேன். வண்டியைவிட்டு இறங்கினால்தான் திரும்பியது, இறங்காவிட்டால் பிரயாணத்தில் இருக்கிறார் என்றேன். காவல்காரர் யோசித்தார். டிரைவரும் யோசித்தார். தலை ஆட்டினார்கள். மூங்கில் மேலே போனது.

அந்தோனியார் வண்டியைவிட்டு இறங்கவில்லை. தங்கையை உள்ளே ஏற்றினோம். பலகைமேல் வண்டி திரும்பி வரும்போது அவள் ஒரு கையால் என்னையும் மறு கையால் அவர் இடுப்புக் கயிற்றையும் பிடித்திருந்தாள். கீழே ஆறு பலகையைத் தொடும் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நாலரை மணிக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. வாய்விட்டுக் கத்தியது. நான் வராந்தாவில், அந்தோனியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதேன். ஒரு நர்ஸ் வந்து, இவரை எந்த வார்டில் போடுவது என்று கேட்டார்.

நாலாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு ஆட்டோவில் நானும் தங்கையும் பிள்ளையும், பின்னால் இன்னொரு ஆட்டோவில் அந்தோனியாரும் தலைவரும். ஆற்றங்கரைக்கு வந்தால் பாலம் இல்லை. பலகையும் இரும்பும் கரையில் அடுக்கியிருந்தன. பக்கத்தில் துரை குடையோடு, வெறுங்காலோடு, முகம் செத்துப்போய் நின்றார்.

"சாமி தோட்டத்தை விட்டே போயிட்டாருன்னு கொழும்புக்கு யாரோ சொல்லியாச்சு, டீச்சர். உடனே கழட்டச் சொன்னது. பரவாயில்ல, இப்ப சாமி வந்தாச்சுதானே? ரெண்டு மணித்தியாலம் தாங்க, திரும்பப் போட்டுத் தாரேன்."

அந்த நேரத்துக்கு எங்கள் எட்டுப் பேரும் பாதரும், அந்தோனியாரை வரவேற்கச் சப்பரத்தைப் பூ வைத்துச் சோடித்துத் தூக்கிக்கொண்டு, ஆற்றில் இறங்கி நாங்கள் நின்ற ரோட்டுப் பக்கம் வந்து சேர்ந்திருந்தார்கள். தண்ணீர் வடிந்திருந்தது, தொடைவரை நனைந்திருந்தார்கள். தூறல் தொடங்கியது. தங்கை பிள்ளையோடு ஆட்டோவைவிட்டு இறங்கினாள்.

"சப்பரத்த இங்க கொண்டாங்க" என்றாள்.

கொண்டுவந்து வைத்தார்கள். அவள் பூவை ஒதுக்கிவிட்டு, நடுவில் ஏறி உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் சரிசெய்துகொண்டாள். எட்டுப் பேரும் பாதரைப் பார்த்தார்கள். மலை அதிரப் பேசும் தலைவர் மெதுவாகச் சொன்னார்.

"அது சாமி உக்கார்ற எடம்மா."

"தெரியும் மாமா. என்னயக் கம்பளியில கட்டித் தூக்குனீங்களே, அன்னைக்கும் இது சும்மாதான இருந்துச்சு? அவரு செலைக்கு எட்டுப் பேரு, கைப்பிடி, மெத்த. நான் கத்திக்கிட்டுக் கெடந்தேன். உங்க ஒருத்தருக்கும் இது ஞாபகம் வரலியே."

நான் அப்போது வாய் திறந்திருக்க வேண்டும். சப்பரம் வைத்திருக்கும் அறையின் சாவி அன்றும் என்னிடம்தான் இருந்தது. கம்பளியைத் தேடி லயம் லயமாக ஓடியவள் நான். ஓடும்போது அந்தச் சாவி என் இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது. கடிதம் எழுத வேண்டிய இடமெல்லாம் எழுதினேன், எல்லோரையும் திட்டினேன், இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. தங்கை என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்தது எனக்காகத்தான்.

பாதர் செருப்பைக் கழற்றினார். முன்கம்பில் நின்றவரை மெதுவாக விலகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தான் தோள் கொடுத்தார். தூக்கினார்கள். மேளம் இல்லை, மன்றாட்டு இல்லை, கல்லைக் காலால் தடவித் தடவி ஆற்றில் இறங்கினார்கள். துரை கொஞ்ச நேரம் பலகைக் குவியலையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் காற்சட்டையோடு தண்ணீரில் இறங்கி, குடையைப் பிள்ளைக்கு மேலே பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். நடு ஆற்றில் ஒருவருக்குக் கால் தடுமாறியது. மற்ற ஏழு தோளும் தாங்கிக்கொண்டன.

லயத்துப் பக்கக் கரைக்கு வந்ததும், அந்தோனியாரை எடுத்து வரத் திரும்பக் கிளம்பினார்கள். தங்கை வேண்டாம் என்றாள்.

"அவரு அங்கயே இருக்கட்டும் பாதர். பாலம் போட்டா வரட்டும்."

அந்தோனியார் அன்று மறுபடி பெரட்டுக்களத்துக்குப் போனார், இன்னும் அங்கேதான் இருக்கிறார். பாலம் இன்னும் வரவில்லை. துரை கொழும்புக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார், எழுத்தில் கேட்கிறார்களாம். எங்கள் கோயில் பீடத்தில் அந்தோனியார் நின்ற இடம் காலியாக இருக்கிறது, செவ்வாய்க்கிழமைகளில் அதைப் பார்த்துத்தான் நவநாள் செபிக்கிறோம். சப்பர அறையைப் பாதர் பூட்ட விடுவதில்லை. கதவையே கழற்றிவிட்டார்.

போன மாதம் ஆயர் இல்லத்திலிருந்து கோயில் சொத்துப் பட்டியல் நிரப்பச் சொல்லி ஒரு படிவம் வந்தது. நான்தான் செயலாளர், நான்தான் நிரப்ப வேண்டும். திருப்பாத்திரம், மணி, குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். 'சப்பரம்: ஒன்று. தற்போது கோயிலில் உள்ளதா?' என்று கேட்டிருந்தது. இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது என்று எழுதினேன். பாதர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். வேர்க்கவில்லை. அன்று காலை அதில் போயிருந்தது மாரியம்மன் கோயில் பூசாரியின் மருமகள்.